பெரியப்பாவின் வயிறு

பெரியப்பாவின் பெயரை நான் இதில் எழுதப்போவதில்லை. மரியாதைக்காக அல்ல. எழுதினால் அதன் முன்னால் ‘திரு’ போடவேண்டும், பின்னால் ‘அவர்கள்’ போடவேண்டும். உயிரோடு இருந்த காலம் முழுக்க அவர் அதை வற்புறுத்தி வாங்கினார். இனி என்னிடம் அவர் எதையும் வற்புறுத்தி வாங்க முடியாது.

ஐயாவின் ஒரே தமையன் அவர். கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதராக, அதாவது தலைமைக் கிளாக்கராக, இருந்து இளைப்பாறியவர். பெரியம்மா நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டா. பிள்ளைகள் இல்லை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவர் இருந்த வீட்டைக் கொளுத்திவிட்டார்கள். அகதிகளோடு கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கி, யாரோ கொடுத்த தொளதொளத்த சேட்டோடு உரும்பிராயில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்தபோது அம்மா அழுதா. பதினைந்து வயதுப் பெட்டை நானும் அழுதேன். அந்த அழுகை உண்மையானது. அதற்குப் பிறகு அவருக்காக நான் அழுததில்லை.

அன்று மத்தியானம் அம்மா அவசரமாகச் சமைத்தா. கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், ஐயா வாங்கி வந்த விளைமீனில் ஒரு குழம்பு. பசியோடு வந்த மனிதன் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு விறாந்தைக் கதிரையில் சாய்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து நெஞ்சுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அமர்த்தி, நீளமாக ஒரு ஏவறை, ஏப்பம், விட்டார். பிறகு குசினிப் பக்கம் பார்த்துக் கேட்டார்:

“பிள்ளை, உந்தக் குழம்புக்கு நீர் என்ன போட்டனீர்?”

அம்மா அதைப் பாராட்டு என்று நினைத்துவிட்டா. சந்தோசமாக ஒவ்வொரு சாமானாகச் சொல்லத் தொடங்கினா. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“உறைப்பு. அதுதான். கொழும்பிலை எனக்கு இப்பிடி வாறேல்லை.”

அது பொய். கொழும்பிலேயே அவருக்குப் பல வருசமாக அந்த வயிற்று நோ இருந்தது. வெள்ளைக் கரைசல் ஒன்றைக் குடிக்கக் கொடுத்துப் படம் எடுத்துப் பார்த்து, குடல் தொடங்குகிற இடத்தில் புண் என்று அங்கேயே டொக்டர்மார் சொல்லியிருந்தார்கள். அதை அவரே பின்னால் ஒரு நாள் தன்னை மறந்து ஐயாவிடம் சொன்னார். ஆனால் அதற்குள் எங்கள் வீட்டில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

நோ பொய்யில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். சில இரவுகளில் அவர் முழங்காலை நெஞ்சோடு மடித்துக்கொண்டு கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். செமிக்காத வயிறு, நெஞ்செரிவு, வாயில் புளித்தண்ணி, சாப்பிட்டாலும் நோ, சாப்பிடாவிட்டாலும் நோ. எதிரிக்கும் வரக்கூடாத வருத்தம். ஆனால் எத்தனையோ பேருக்கு நோ வருகிறது. அவர்கள் மருந்து தேடுகிறார்கள். பெரியப்பா ஆளைத் தேடினார். தன் உடம்பில் எங்கே நொந்தாலும் அதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கையெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும், திருப்பிப் பேசாத ஆளாகவும் இருக்கவேண்டும்.

சாப்பிட உட்கார்ந்தால் முதலில் சாப்பிடமாட்டார். நடுவிரலால் கறியை மெல்லக் கிளறுவார். கந்தோரில் கீழே வேலை செய்தவர்கள் கொண்டுவந்த கடதாசிகளை அப்படித்தான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். கிளறிவிட்டு, “ம்ம்” என்பார். அந்த ‘ம்ம்’ வரைக்கும் அம்மா குசினி வாசலில் நிற்பா. சாப்பிட்டு முடிந்தபின் ஏவறை. கட்டையான ஏவறை என்றால் அன்றைக்குத் தப்பினோம். நீளமானது என்றால் பின்னேரம் வரை விசாரணை. தேங்காய் முற்றலோ, புளி பழசோ, அரிசி சரியாய்க் கழுவவில்லையோ, சட்டியில் முதல்நாள் கறி ஒட்டியிருந்ததோ?

ஒருமுறை கெலிகொப்டர் சுட்டுக்கொண்டு சுற்றியது. நாங்கள் எல்லோரும் வளவில் பதுங்குவதற்கு வெட்டியிருந்த பங்கருக்குள் விழுந்து கிடந்தோம். மண் உதிர்கிறது, ஐயா தேவாரத்தை மறந்து மறந்து சொல்கிறார், நான் அம்மாவின் சீலையைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த இருட்டுக்குள் பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“இது பயத்திலை வந்த நோ எண்டு நினைக்காதேங்கோ. காலமைச் சம்பல்.”

இதை நான் பிற்காலத்தில் ஆட்களுக்குச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரித்ததில்லை. அன்று அந்தப் பங்கருக்குள் அவ, “இனி மிளகாயைக் குறைக்கிறன் அத்தான்” என்று பதில் சொன்னா.

குறைத்தா. பிறகு விட்டா. எங்கள் அம்மா மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்த தூளின் மணம் ஒழுங்கை முழுக்கப் போகும். அயலில் கலியாணம், செத்தவீட்டு அந்தியேட்டி என்றால், “மச்சாள், நீங்கள் வந்து கறிக்கு உப்புப் புளி பாத்தால் போதும்” என்று வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். பெரியப்பா வந்த சில வருசத்துக்குள் அந்த அழைப்புகள் நின்றுபோயின. அவர் யாரிடமும் சத்தம்போட்டுக் குறை சொன்னதில்லை. விறாந்தையில் இருந்துகொண்டு, சுகம் விசாரிக்க வருபவர்களிடம் மெல்லிய குரலில், “தம்பி பெண்சாதி நல்ல பிள்ளை. கைதான் சரியில்லை” என்பார். அது போதுமாயிருந்தது.

எங்கள் வீட்டில் எல்லாக் கறியும் வெள்ளைக் கறியானது. ஐயா தோட்டத்துக்குப் போகும்போது மடியில் பச்சைமிளகாய் கொண்டுபோய், வெங்காயப் பாத்திக்குப் பக்கத்தில் இருந்து பழஞ்சோற்றோடு கடிப்பார். வீட்டில் வாய் திறக்கமாட்டார். “அண்ணை எல்லாத்தையும் இழந்துபோட்டு வந்து நிக்கிறார்” என்ற ஒரே வசனம்தான் அவரிடம் இருந்தது.

அம்மா வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கத் தொடங்கினா. தனக்காக அல்ல, அவருடைய வயிற்றுக்காக. ஒருநாள் அடுப்படியில் கறியை ருசி பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டா. “நீ ஒருக்காப் பார் பிள்ளை. எனக்கு இப்ப உப்பிருக்கோ புளியிருக்கோ எண்டு தெரியேல்லை. என்ரை கையிலைதான் ஏதோ இருக்கு.” இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தா. நல்ல உழைத்த கைகள். அவற்றில் என்ன இருக்கப்போகிறது?

என்னைப் பெண் பார்க்க மானிப்பாயிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பொடியனுக்கு என்னைப் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் பிடித்திருந்தது. அம்மா சுட்ட பயித்தம் பணியாரத்தை அவனுடைய தாய் எடுத்துக் கடித்து, “நல்ல பதம்” என்றா. அப்போது பெரியப்பா புன்சிரிப்போடு சொன்னார்:

“ஓம், பாக்க நல்லாத்தான் இருக்கும். செமிக்கிறதுதான் கஷ்டம். இவளும் தாயிட்டைத்தான் சமையல் பழகினவள்.”

பகிடி போலத்தான் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை. காரணம் வேறாக இருக்கலாம். சாதகமோ, வேறு நல்ல இடமோ, பொடியன் வெளிநாட்டுக்குப் போனானோ தெரியாது. எனக்குத் தெரியத் தேவையுமில்லை. அதை அவருடைய கணக்கில்தான் இன்றுவரை வைத்திருக்கிறேன்.

தொண்ணூறுக்குப் பிறகு சண்டை திரும்பத் தொடங்கி, பொருளாதாரத் தடை வந்தது. சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. நெஞ்செரிவுக்கு அவர் குடிக்கிற வெள்ளை மருந்தும் கடைகளில் இல்லாமல் போனது. நோ கூடியது. ஆள் மெலிந்தார், குரல் மட்டும் மெலியவில்லை.

அந்த நேரம்தான் எங்கள் சந்திக்குப் பக்கத்தில் ஒரு டொக்டர் பிள்ளை பின்னேரங்களில் ஆட்களைப் பார்க்கத் தொடங்கினா. வல்வெட்டித்துறைப் பக்கத்தவ. யாழ்ப்பாணத்தில் படித்து, கொழும்பில் கொஞ்சக் காலம் வேலை செய்துவிட்டு, எல்லோரும் வெளியே போகிற காலத்தில் உள்ளே வந்தவ. பெரியப்பா போகமாட்டேன் என்று நின்றார். “பெட்டையிட்டை வயித்தைக் காட்டுறதோ?” ஒரு விடிய நோ தாங்காமல் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்த பிறகு, ஐயா வாழ்க்கையில் முதன்முறையாக அண்ணனுக்குக் கட்டளை போட்டார். “அண்ணை, வெளிக்கிடுங்கோ.” அம்மாவும் நானும் கூடப் போனோம்.

டொக்டர் பிள்ளை அவரைக் கதைக்க விட்டா. அவர் உறைப்பிலிருந்து தொடங்கி, புளி, எண்ணெய், அரிசி என்று போய், கடைசியில் கண்ணால் அம்மாவைக் காட்டினார். கொழும்பில் எடுத்த படத்தைப் பற்றி ஐயா சொன்னார். அவ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “புண் எண்டு முதல் எப்ப சொன்னவை?” என்று கேட்டா. பிறகு வயிற்றை அமர்த்திப் பார்த்தா. சத்தியில் இரத்தம் இருந்ததோ என்று விசாரித்தா.

“பெரியவர், புண் ஆறுது, திரும்ப வருது. மருந்து குடிச்சால் ஆறும், விட்டால் வரும். என்ன?”

“ஓம். சாப்பாடு சரியில்லாட்டி வரத்தானே செய்யும்.”

“சாப்பாடு இல்லை. இரைப்பைக்குள்ளை ஒரு கிருமி இருக்கு. அது அங்கை இருக்கிற வரைக்கும் புண் திரும்பத் திரும்ப வரும். இப்ப வெளியிலை எல்லாம் கிருமிக்குத்தான் மருந்து குடுக்கினம். நல்லாச் சுகப்படுது.”

பெரியப்பா சிரித்தார். “பிள்ளை, இரைப்பைக்கை இருக்கிறது அசிட். அதுக்கை ஒரு கிருமியும் சீவிக்காது. நாங்களும் படிச்சனாங்கள்.”

“நாங்களும் முதல் அப்பிடித்தான் படிச்சனாங்கள்” என்றா அவ. “அது பிழை. இந்தக் கிருமி சீவிக்குது. குழாய் விட்டுப் பாக்க இஞ்சை இப்ப வசதியில்லை. ஆனால் உங்களுக்கு இருக்கிற குணங்களையும் பழைய புண்ணையும் பாத்தால் நான் மருந்து தரலாம். கிருமிக்கு இரண்டு விதமான குளிசை, அதோடை பிஸ்மத் எண்டு ஒண்டு. மூண்டையும் சேர்த்து இரண்டு கிழமை, பதினாலு நாள். இடையிலை விடக்கூடாது.”

அம்மா அதுவரை சுவரோரம் நின்றா. மெல்ல முன்னுக்கு வந்து கேட்டா:

“அப்ப பிள்ளை, என்ரை சமையலாலை வந்ததில்லையோ?”

டொக்டர் பிள்ளை அம்மாவை நிமிர்ந்து பார்த்தா. அவவுக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். குரலை மாற்றிச் சொன்னா:

“இல்லை அம்மா. உறைப்பு நோவைக் கொஞ்சம் கிளப்பலாம். வருத்தத்தைக் கொண்டுவராது. இந்தக் கிருமி அநேகமாச் சின்ன வயசிலைதான் வயித்துக்கை போறது. நீங்கள் கலியாணம் கட்டி அந்த வீட்டுக்கு வாறதுக்கு முதலே இவருக்கு அது வந்திருக்கும்.”

திரும்பி வரும் வழியில் பெரியப்பா, “உந்தப் பெட்டைக்கு ஒண்டும் தெரியாது” என்று இரண்டு தரம் சொன்னார். அம்மா எங்களுக்குக் கொஞ்சம் பின்னால் நடந்து வந்தா. நான் திரும்பிப் பார்த்தேன். சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தா. சிரித்தாவோ அழுதாவோ இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கிருமிக்கான இரண்டு குளிசையும் ஒருபடியாகக் கிடைத்துவிட்டன. பிஸ்மத்தை டொக்டர் பிள்ளையின் தமையன் கொழும்பிலிருந்து வரும்போது, சோதனைச் சாவடியைத் தாண்டி, கிளாலிக் கடலைத் தாண்டி, சேட்டு மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவந்தார். கடலேரியில் ஆட்கள் சுடுபட்டுச் செத்துக்கொண்டிருந்த காலம். மருந்து வந்துவிட்டது என்றதும் பெரியப்பா சவரம் செய்து, தனியாகப் போய் வாங்கி வந்தார்.

குளிசை தொடங்கி மூன்று நாள் போனது. “சோத்திலை இரும்பு நாறுது” என்று சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளினார். அம்மா வேறு சட்டியில் சமைத்தா. அதுவும் இரும்பு என்றார். அடுத்த நாள் காலை கிணற்றடியிலிருந்து ஒரு கூக்குரல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பெரியப்பா வேலியோரம் நின்று அயலட்டைச் சனத்தைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறார். ஆட்கள் வந்ததும் நாக்கை நீட்டினார். நாக்கு கன்னங்கரேலென்று இருந்தது.

“பாருங்கோ. நல்லாப் பாருங்கோ. வெளிக்குப் போறதும் கறுப்பு. இந்த வீட்டிலை எனக்கு என்ன தருகினம் எண்டு நீங்களே யோசியுங்கோ.”

எங்களுடையது வெங்காயத் தோட்டக்காரர் வீடு. பூச்சிமருந்துப் போத்தல் எல்லா வீட்டிலும் போல எங்கள் வீட்டிலும் தோட்டச் சாமான் வைக்கிற மாலில் இருந்தது. ஒருவரும் அதைச் சொல்லவில்லை. எல்லோருடைய கண்ணும் மாலுக்குப் போய், அங்கிருந்து அம்மாவிடம் வந்தது. அம்மா அவருக்காக ஆற்றிய கஞ்சிக் கோப்பையோடு முற்றத்தில் நின்றா. அதைக் கீழே வைக்கவும் தெரியாமல், நீட்டவும் தெரியாமல் நின்றா. ஐயா, “அண்ணை, என்ன கதை இது?” என்றார். குரல் வேலிவரைக்கும்கூடப் போகவில்லை.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு டொக்டர் பிள்ளையிடம் பறந்தேன். மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். அவ பயப்படவில்லை. ஆச்சரியப்பட்டா.

“பிஸ்மத் குடிச்சால் நாக்குக் கறுக்கும், வெளிக்குப் போறதும் கறுக்கும். மற்றக் குளிசைக்கு வாய் இரும்பு போல இருக்கும். மருந்து குடுத்த நாள் எல்லாத்தையும் நான் அவருக்குச் சொன்னனானே!”

“அவர் மறந்திருப்பார்” என்றேன். அப்போதும் அவருக்கு ஒரு வழி விடப் பார்த்தேன்.

“மறக்கிறதோ? நாக்குக் கறுப்பு எவ்வளவு நாளைக்கு நிக்கும் எண்டு அவரே திருப்பிக் கேட்டவர். மருந்து முடிய மாறிப்போகும் எண்டு சொன்னனான். கண்ணாடியிலை பாக்கலாமோ எண்டு கூடக் கேட்டுச் சிரிச்சவர்.”

அந்த வெயிலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது. அதுவரை அவர் அறியாமையால் அப்படி நடக்கிறார் என்று எனக்குள் எங்கோ ஒரு எண்ணம் இருந்தது. அன்று அது போனது. வீட்டுக்கு வந்து அம்மாவைக் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். “ஆளை இண்டைக்கே வெளியிலை போகச் சொல்லுவம்” என்றேன்.

அம்மா முழுதும் கேட்டா. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டா.

“மருந்து இன்னும் மிச்சம் இருக்கோ?”

“அம்மா!”

“அவர் காலமையிலையிருந்து குளிசையை விட்டிட்டார் பிள்ளை. விட்டால் சுகப்படாது எண்டு அந்தப் பிள்ளை சொன்னது. அவர் சுகப்பட வேணும். அவர் சுகப்படாட்டி, நான் சாகுமட்டும் இந்த ஊருக்கு நஞ்சு வைச்சவள்தான்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு நேரமும் அம்மா குளிசையோடும் தண்ணிச் செம்போடும் அவர் கதிரைக்கு முன்னால் போய் நின்றா. கெஞ்சவில்லை, கோபிக்கவுமில்லை.

“அத்தான், விழுங்குங்கோ.”

“எனக்கு வேண்டாம்.”

“விழுங்குங்கோ. நாக்குக் கறுக்கும் எண்டு உங்களுக்குத்தான் தெரியுமே.”

அவர் அம்மாவை ஏறிட்டுப் பார்த்தார். அம்மா கண்ணை எடுக்கவில்லை. விழுங்கினார். விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டும்வரை அம்மா அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பிரதம லிகிதர் சின்னப்பிள்ளை போல வாயைத் திறந்து, கறுத்த நாக்கைத் தூக்கிக் காட்டினார். இரண்டு கிழமையும் அப்படித்தான் முடிந்தது.

நோ நின்றுவிட்டது. முதலில் ஏவறை குறைந்தது. பிறகு இரவில் நித்திரை வந்தது. நாக்கு வழமை நிறத்துக்கு வந்தது. மாதம் போகப் போக முகத்தில் சதை வைத்தது. புளித்தண்ணி இல்லை, எரிவு இல்லை. வெள்ளை மருந்துப் போத்தல் தூசி பிடித்துக் கிடந்தது. டொக்டர் பிள்ளையிடம் போய் ஒரு நன்றி சொல்லுங்கோ என்று ஐயா சொன்னபோது, “நான் வாய்க்கட்டுப்பாடா இருந்தபடியால் சுகப்பட்டது” என்றார்.

அம்மா காத்திருந்தா. நல்லாய்ச் சுகப்பட்டது என்று உறுதியானபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை குருநகரிலிருந்து வந்த கணவாய் வாங்கினா. மிளகாயும் மல்லியும் வறுத்தா. கிட்டத்தட்டப் பத்து வருசத்துக்குப் பிறகு அந்த மணம் எங்கள் வளவில் எழும்பியது. ஐயா தோட்டத்திலிருந்து நேரத்தோடு வந்துவிட்டார். செக்கச்செவேலென்ற கறியைப் பெரியப்பாவின் கோப்பையில் அம்மா தன் கையால் போட்டா. அவர் விரலால் கிளறவில்லை. சாப்பிட்டார். திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பின்னேரம் நல்ல நித்திரை.

அடுத்த நாள் காலை வேலிக்கு அப்பால் அயலட்டைப் பெண்கள் நிற்கும்போது, அம்மா விறாந்தைக்கு வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கக் கேட்டா:

“அத்தான், நேற்று உறைப்புக் கணவாய் சாப்பிட்டியள். வயிறு நொந்ததோ?”

“இல்லை.”

“ஏன் நோகேல்லை எண்டு இவைக்கு ஒருக்காச் சொல்லுங்கோ.”

அம்மா குரல் உயர்த்தி நான் கேட்ட முதல் தரம். வேலியடியில் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். ஒரு வசனம் போதும். ‘அது கிருமி’ என்றால் போதும். பெரியப்பா பேப்பரை மடித்து மடியில் வைத்தார். அம்மாவைப் பார்த்து அன்பாகவே சிரித்தார்.

“இப்பதான் உமக்குச் சமைக்கத் தெரிஞ்சிருக்கு.”

அம்மா வேலியடியில் நின்றவர்களை ஒருதரம் பார்த்தா. பிறகு தலையை ஆட்டினா. “சரி அத்தான். இனி உங்கடை வயிறு சுகம். அடுப்பும் விறகும் பின்னுக்கு இருக்கு. உங்கடை சோத்தை நீங்களே காய்ச்சுங்கோ.”

ஐயா வாய் திறக்கப் போனார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பெரியப்பா இரண்டு நாள் கடையில் வாங்கிய பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டார். பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு மீசாலையில் ஐயாவின் ஒன்றுவிட்ட தம்பி வீட்டுக்குப் போனார். படலை வரைக்கும் ஐயா மட்டும் போனார்.

சில மாதம் கழித்து அந்தச் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்து முடித்தார். பிறகு தயங்கித் தயங்கி அம்மாவிடம் கேட்டார்:

“மச்சாள், அண்ணைக்கு இப்ப முழங்கால் நோ. என்ரை பெண்சாதி அவிக்கிற புட்டாலை வாயு பிடிச்சதாம். நீங்கள் என்ன மா பாவிச்சனீங்கள் எண்டு கேட்டுக்கொண்டு வரச் சொன்னவள். பாவம், இரவிலை அழுகிறாள்.”

அம்மா அரிசி அரித்துக்கொண்டிருந்த அரிக்கன்சட்டியைக் கீழே வைத்தா. “பிள்ளை, சைக்கிளை எடு” என்றா.

கைதடிப் பாலத்தால் அம்மாவைக் கரியரில் வைத்து மிதித்துக்கொண்டு போனேன். எதிர்க்காற்று. மீசாலை வீட்டு விறாந்தையில் பெரியப்பா முழங்காலில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு, “ஆ, வாருங்கோ” என்றார். அம்மா அவரைத் தாண்டி நேரே குசினிக்குள் போனா.

என்னைவிட இரண்டு மூன்று வயது கூடின பெண் அது. அடுப்பில் மீன்கறி கொதிக்க, முன்னால் மாச்சுளகோடு இருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அம்மாவைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். அம்மா அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, மா பிரண்ட அவள் கைகளைப் பிடித்தா.

“பிள்ளை, உன்ரை கையிலை ஒரு குறையும் இல்லை. கேட்டியோ? ஒரு குறையும் இல்லை.”

“உண்மையாவோ அக்கா?”

“உண்மையா.”

அவள் அம்மாவின் தோளில் சாய்ந்து விம்மி அழத் தொடங்கினாள். அம்மா அவளை அழவிட்டா. கறி அடிப்பிடிக்கப் போனது. அம்மா ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் அகப்பையை எடுத்துக் கறியைத் துழாவினா.

விறாந்தையிலிருந்து குரல் வந்தது. “என்ன, சாப்பாடு இன்னும் ஆகேல்லையோ?”

அம்மா எட்டிக் குசினிக் கதவைத் தள்ளிச் சாத்தினா.